கறுப்பு மையில் கடல் கடந்த ஓவியங்கள்

1660ஆம் ஆண்டு ஜூன் மாதம் சிசிலித் தீவின் மெஸ்ஸினா நகரில் வாழ்ந்த அந்தோனியோ ருஃபோ என்ற பிரபுவுக்கு, பொலோஞ்ஞாவிலிருந்து ஓவியர் குவெர்ச்சினோ ஒரு கடிதம் எழுதினார். ருஃபோவிடம் ரெம்பிராண்ட் வரைந்த ஓர் ஓவியம் இருந்தது. ஹோமரின் மார்பளவுச் சிலைமீது கைவைத்து நிற்கும் அரிஸ்டாட்டில்; இன்று அது நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதற்கு ஜோடியாக மாட்டுவதற்கு இன்னொரு ஓவியம் வேண்டும் என்று ருஃபோ கேட்டிருந்தார். குவெர்ச்சினோ சம்மதித்தார். ரெம்பிராண்ட் எத்தகைய ஓவியர் என்பதற்கு அவர் சொன்ன ஆதாரம் அச்சுப் படங்கள். ரெம்பிராண்டின் அச்சுகள் பல தம் பக்கத்துக்கு வந்திருப்பதாகவும், அவை நல்ல ரசனையோடு செய்யப்பட்டிருப்பதாகவும், ஆகவே வண்ணத்திலும் அவர் அதே தரத்தில்தான் இருப்பார் என்றும் எழுதினார்.

ரெம்பிராண்ட் இத்தாலிக்குப் போனதே இல்லை. இருந்தும் அவருடைய பெயர், அவர் கையின் பழக்கம், ஒளியை அவர் கையாளும் விதம் எல்லாம் ஆல்ப்ஸ் மலையைத் தாண்டிப் போய், எழுபதை நெருங்கிய இத்தாலிய ஓவியர் ஒருவரின் மனத்தில் மரியாதையை உண்டாக்கியிருக்கின்றன. இது பெரிய வெற்றி. ஆனால் அதே கடிதப் போக்குவரத்தில் இன்னொன்றும் நடந்தது. மூல ஓவியம் எப்படி இருக்கும் என்று காட்ட ருஃபோ ஒரு சிறு கோட்டுப்படம் அனுப்பினார். அதைப் பார்த்த குவெர்ச்சினோ, முகக்குறி பார்த்துக் குணம் சொல்லும் ஒருவரை ரெம்பிராண்ட் வரைந்திருக்கிறார் என்று எடுத்துக்கொண்டார். அதற்குப் பொருத்தமாகத் தாம் ஓர் அண்டவியல் அறிஞரை வரைந்து தருவதாகச் சொன்னார். கோட்டுப்படம் ஆள் நிற்கும் நிலையைச் சொன்னது. அந்த ஆள் யார் என்பதைச் சொல்லவில்லை.

பதினேழாம் நூற்றாண்டில் தங்கள் ஓவியங்களைப் பரப்ப எட்சிங் அச்சை நம்பிய ஓவியர்கள் எல்லாருக்கும் ஏதோ ஒரு வகையில் நேர்ந்தது இதுதான். அச்சு அவர்களைத் தூர தேசங்களுக்குக் கொண்டுபோனது. போய்ச் சேர்ந்தது அவர்களில் ஒரு பாதி. அந்தப் பாதி எது, விட்டுப்போனது எது என்று பார்க்காமல் இந்த வழக்கத்தைப் புகழ்வதும் தவறு, ஒதுக்குவதும் தவறு.

அன்றைய ஓவியரின் நிலையை நினைத்துப் பார்க்க வேண்டும். தேவாலயத்தின் பீடத்துக்கு மேல் ஓர் ஓவியம் ஏறிவிட்டால் அது அந்த ஊரோடு சரி. அரசரின் அறைக்குள் போய்விட்டால் அவருடைய விருந்தினர்களுக்கு மட்டும். புகைப்படம் இல்லை, பொது அருங்காட்சியகம் இல்லை. நகலெடுத்து அனுப்பலாம், ஆனால் ஒவ்வொரு நகலும் வாரக்கணக்கில் வேலை. ஒரு தகட்டிலிருந்து நூற்றுக்கணக்கான தாள்களை அச்சடிக்க முடியும் என்பது இந்தச் சூழலில் எவ்வளவு பெரிய வசதி என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்த வசதி பதினேழாம் நூற்றாண்டில், அதாவது பரோக் காலத்தில், பிறந்ததல்ல. ரோமில் ராஃபேல், மார்க்கான்டோனியோ ரைமோண்டி என்ற செதுக்குக் கலைஞரோடு சேர்ந்து 1510களிலேயே தம் வரைவுகளை அச்சாக்கினார். ஆனால் ரைமோண்டி செய்தது செதுக்கு அச்சு. செப்புத் தகட்டைச் சிறு உளியால் நேரடியாக உழுது கோடு போட வேண்டும். தகட்டைத் திருப்பித் திருப்பி, உளியை அழுத்தி, வளைவுக்கு வளைவு அளந்து செய்யும் அந்த வேலைக்குப் பல ஆண்டுப் பயிற்சி தேவை. ஓவியருக்கு அதைக் கற்க நேரமில்லை. ஆகவே அவர் வேறொருவர் கையை நம்பியாக வேண்டும்.

எட்சிங் அந்தத் தடையை எடுத்தது. மெழுகும் பிசினும் கலந்த பூச்சைத் தகட்டின்மேல் மெல்லியதாகத் தடவி, புகை காட்டிக் கறுப்பாக்குவார்கள். அதன்மேல் ஊசியால் வரைந்தால் பூச்சு விலகி, கோடு போன இடமெல்லாம் செம்பு பளிச்சென்று தெரியும். தகட்டை அமிலத்தில் இட்டால் பூச்சு விலகிய இடங்களை மட்டும் அமிலம் அரிக்கும். பிறகு பூச்சைக் கழுவி, மையைத் தேய்த்து, மேற்பரப்பைத் துடைத்துவிட்டால் மை பள்ளங்களில் மட்டும் தங்கும். ஈரத் தாளை மேலே போட்டு உருளை அச்சில் ஓட்டினால் தாள் அந்த மையை இழுத்துக்கொள்ளும். ஊசியைப் பிடிப்பது பேனாவைப் பிடிப்பது போலத்தான். வரையத் தெரிந்த எவரும் வரையலாம். உழைப்பின் கடினமான பகுதியை அமிலம் ஏற்றுக்கொள்கிறது. 1645இல் பாரிஸில் ஆபிரகாம் போஸ் இந்தத் தொழிலுக்கு ஒரு கையேடே எழுதி அச்சிட்டார். பயிற்சிப் பட்டறையின் வாசலைத் தாண்டி அறிவு வெளியே வந்துவிட்டது.

இங்கே ஆன்ட்வெர்ப் ஓவியர் ரூபென்ஸைப் பேசாமல் போக முடியாது. அவர் எதிர்த் திசையில் நடந்தவர். தம் ஓவியங்கள் அச்சாக வேண்டும் என்பதில் அவரைவிட அக்கறை காட்டியவர் அந்த நூற்றாண்டில் இல்லை. ஆனால் வேலையைத் தாமே செய்யாமல் செதுக்குக் கலைஞர்களை வைத்து நடத்தினார். 1619இல் பிரான்சிலும் பிரபாண்டிலும், 1620 பிப்ரவரியில் டச்சுக் குடியரசிலும், தம் அச்சுகளை வேறு யாரும் நகலெடுக்கக் கூடாது என்ற தனியுரிமையை வாங்கினார். டச்சுக்காரர்கள் எதிரி நாட்டு ஓவியருக்கு இந்தச் சலுகையைத் தர முதலில் மறுத்தார்கள். ஹேகில் இருந்த வழக்கறிஞர் நண்பர் பீட்டர் வான் வேனுக்கு எழுதியும், ஆங்கிலத் தூதர் டட்லி கார்ல்ட்டனின் துணையோடும் காரியத்தைச் சாதித்தார். 1620இல் வெளியான ‘சிலுவையிலிருந்து இறக்குதல்’ அச்சு அந்தக் கார்ல்ட்டனுக்கே சமர்ப்பிக்கப்பட்டது.

அதைச் செதுக்கியவர் லூகாஸ் வோர்ஸ்டர்மான். அச்சின் சோதனைத் தாள்கள் ரூபென்ஸ் மேசைக்குப் போகும். வெள்ளை வண்ணத்தாலும் பழுப்பு மையாலும் அவர் திருத்துவார். தகடு திரும்பிப் போய் மீண்டும் வேலை நடக்கும். அப்படித் திருத்தப்பட்ட தாள்கள் பல இன்றும் இருக்கின்றன. ஒளியின் விளிம்பு எங்கே நிற்க வேண்டும், துணியின் மடிப்பு எங்கே கரைய வேண்டும் என்று ஒவ்வொன்றையும் அவர் பார்த்திருப்பது அவற்றில் தெரிகிறது. தரம் உயர்ந்ததுதான். ஆனால் அந்த உறவு தாங்கவில்லை. 1622இல் இருவருக்கும் இடையே பகை முற்றி, ரூபென்ஸின் நண்பர்கள் அவர் உயிருக்குப் பாதுகாப்பு கேட்டு ஆட்சியாளரிடம் மனுக் கொடுக்கும் அளவுக்குப் போனது. தம் திறமைக்குரிய பெயரும் பங்கும் கிடைக்கவில்லை என்ற வோர்ஸ்டர்மானின் மனக்குறையை நான் அலட்சியமாக எண்ண மாட்டேன். அச்சின் அடியில் பெரிதாக நிற்கும் பெயர் ஒருவருடையது. கண் நோக வேலை செய்தவர் இன்னொருவர்.

பரவுவது ஒன்றே அளவுகோல் என்றால் ரூபென்ஸ் முறையே வென்றது. அவருடைய அச்சுகள் ஸ்பானியக் கப்பல்களில் ஏறி பெரு நாட்டுக்குப் போயின. குஸ்கோ நகரத்து ஓவியர்கள் அவற்றைப் பார்த்துத் தேவாலயங்களுக்குப் படம் எழுதினார்கள். அச்சில் வண்ணம் இல்லாததால் வண்ணத்தை அவர்களே முடிவு செய்தார்கள். பொன் தூவினார்கள், தங்கள் ஊர்ப் பறவைகளையும் பூக்களையும் சேர்த்தார்கள். ஆன்ட்வெர்ப்பில் இருந்த மூலத்தின் சதை நிறமும் ஈரமும் ஆண்டிஸ் மலைக்குப் போகவில்லை. உருவங்கள் நிற்கும் ஒழுங்கு மட்டும் போனது. அதன் விளைவாக ஒரு புதிய ஓவிய மரபே உருவானது என்பதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அது ரூபென்ஸின் ஓவியம் பரவியது ஆகாது. ரூபென்ஸின் அமைப்பு பரவியது.

வோர்ஸ்டர்மானின் அந்த அச்சு வடக்கேயும் போனது. ரெம்பிராண்ட் அதை வைத்துக்கொண்டுதான் தம் ‘சிலுவையிலிருந்து இறக்குத’லை யோசித்தார் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. டச்சு ஆட்சியாளர் ஃபிரெடரிக் ஹென்றிக்காகப் பலகையில் அவர் வரைந்த அந்தச் சிறிய ஓவியம் இப்போது மியூனிக்கில் இருக்கிறது. ரூபென்ஸின் கிறிஸ்து இறந்த பின்பும் அழகானவர். ரெம்பிராண்டின் கிறிஸ்து வெறும் பாரம், கையிலிருந்து நழுவும் சரக்கு போன்ற உடல். ஏணியில் நின்று அந்த உடலைத் தாங்கும் நீல உடைக்காரருக்கு ரெம்பிராண்ட் தம் முகத்தையே கொடுத்திருக்கிறார்.

அந்த ஓவியத்தை 1633இல் எட்சிங்காக வெளியிட அவர் எடுத்த முயற்சி, இந்த வழக்கத்தின் நிறை குறை இரண்டையும் ஒரே இடத்தில் காட்டுகிறது. தகடு பெரியது, ஏறக்குறைய 53 செ.மீ. உயரமும் 41 செ.மீ. அகலமும். முதல் தகட்டில் பூச்சு பிடிக்கவில்லை. அமிலம் கண்ட இடத்தில் புகுந்து அரித்துவிட்டது. மங்கலும் கறையுமாக ஒரு சில தாள்கள் மட்டும் எடுக்கப்பட்டன. அவற்றில் எஞ்சியவை இன்றும் அரிய பொருள்கள். ஊசி பேனாவைப் போல எளிது என்று சொன்னேனே, அந்த எளிமை பாதி வழிக்குத்தான். அமிலத்துக்குள் தகடு போன பிறகு ஓவியர் கை எட்டாது. பூச்சின் கலவை, தகட்டின் சூடு, அன்றைய ஈரப்பதம் என்று எத்தனையோ விஷயங்கள் முடிவு செய்கின்றன. அதே ஆண்டு இரண்டாவது தகடு தயாரானது. அதில் ரெம்பிராண்ட் பெயருக்குப் பக்கத்தில் தனியுரிமை பெற்றது என்ற குறிப்பும் இருக்கிறது. ரூபென்ஸின் அச்சுகளில் கண்ட அதே வாசகம். இருபத்தேழு வயது இளைஞர் யாரோடு தம்மை வைத்துப் பார்த்தார் என்பது அதில் ஒளிவுமறைவில்லாமல் தெரிகிறது.

இரண்டாம் தகட்டின் பெரும்பகுதி வேலை ரெம்பிராண்ட் கையால் ஆனதல்ல, லைடன் நகரத்து யான் வான் ஃப்ளீட் செய்தது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பார்த்தாலே புரியும். இருட்டை நிரப்பும் குறுக்குக் கோடுகள் ஒரே சீராக, வலை பின்னியது போல ஓடுகின்றன. ரெம்பிராண்டின் சொந்த எட்சிங்குகளில் கோடு அப்படி ஓடாது; சட்டென்று நிற்கும், கிறுக்கும், வெற்றுத் தாளை விட்டுவைக்கும். ஆக, பெரிய ஓவியத்தின் இருட்டையும் ஒளியையும் அப்படியே தகட்டுக்கு மாற்ற வேண்டும் என்ற ஆசை, எட்சிங்கின் சிறந்த குணத்தையே பலி கேட்டிருக்கிறது. ஓவியரின் கை தெரிய வேண்டும் என்றுதான் இந்த முறை. ஓவியத்தை நகலெடுக்கப் போனதும் முதலில் மறைந்தது அந்தக் கைதான். நீலச் சட்டையும் கறுப்பு மையில் கரைந்துபோனது.

1635இல் ‘இவரே அந்த மனிதர்’ என்ற பெரிய எட்சிங் வந்தது. அதற்குப் பிறகு தம் ஓவியங்களை நகலெடுக்கும் வேலையை ரெம்பிராண்ட் கிட்டத்தட்ட விட்டேவிட்டார். மொத்தம் ஏறத்தாழ 300 எட்சிங்குகள் செய்தவர் அவர். பிந்தியவை தகட்டுக்காகவே பிறந்தவை. 1648 வாக்கில் செய்த ‘நூறு கில்டர் அச்சு’க்கு மூல ஓவியம் கிடையாது. நோயாளிகளும் பரிசேயரும் குழந்தைகளும் கிறிஸ்துவைச் சூழும் அந்தக் காட்சியில், இடப்பக்கத்து ஆட்கள் சில கோடுகளாக மட்டும் வெயிலில் நிற்க, வலப்பக்கம் வெல்வெட் போன்ற இருளில் மூழ்குகிறது. 1654இலேயே ஆன்ட்வெர்ப்பிலிருந்து எழுதப்பட்ட ஒரு கடிதம் அது நூறு கில்டருக்கு விற்றதைச் சொல்கிறது. மலிவாகப் பரவுவதற்காகத் தோன்றிய ஒரு பொருள், ஓவியத்தின் விலையைத் தொட்டுவிட்டது. ருஃபோ 1669இல் ரெம்பிராண்டின் 189 எட்சிங்குகளை வரவழைத்தபோது, அவற்றை ஓவியங்களின் நினைவுச்சீட்டாக வாங்கியிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். மூன்று ஓவியங்கள் ஏற்கெனவே அவர் வீட்டுச் சுவரில் இருந்தன.

நேப்பிள்ஸில் குடியேறிய ஸ்பானியர் ஹுஸெப்பே தெ ரிபேராவின் கதை சுருக்கமானது, ஆனால் கற்பிப்பது அதிகம். அவர் செய்த எட்சிங்குகள் இருபதுக்கும் குறைவு; பெரும்பாலானவை 1620களில். 1624இல் செய்த ‘புனித பர்த்தலோமேயுவின் மரணம்’ சிசிலியின் அரசப் பிரதிநிதியாக இருந்த சவோய் இளவரசருக்குச் சமர்ப்பணம். தோலுரிப்பவன் கத்தியைப் பல்லில் கவ்விக்கொண்டு, இரு கையாலும் புனிதரின் தோலை இழுக்கிறான். கிழவரின் வற்றிய மார்பையும் விலா எலும்பையும் ரிபேரா சின்னப் புள்ளிகளாலும் குறுங்கோடுகளாலும் கட்டியிருக்கிறார். வயதான தோலின் சுருக்கம் விரலில் தட்டுப்படும் போலிருக்கும்.

1626இல் அவர் வரைந்த ‘போதையில் சிலேனஸ்’ ஓவியம் நேப்பிள்ஸின் கப்போதிமோந்தே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 185 செ.மீ. உயரம், 229 செ.மீ. அகலம். பெருத்த வயிறோடு அம்மணமாகச் சாய்ந்து கிடக்கும் சிலேனஸ் நம்மை ஏறக்குறைய ஆளுயரத்தில் எதிர்கொள்கிறார். 1628இல் அதே கருவை எட்சிங்காக்கினார். அதன் அகலம் சுமார் 35 செ.மீ. தான். ரிபேரா இங்கே புத்திசாலித்தனமாக ஒன்று செய்தார். ஓவியத்தைச் சுருக்கி நகலெடுக்காமல், தாளின் அளவுக்கேற்ப மறுபடி யோசித்தார். ஆட்களைத் திறந்த வெளியில் கொண்டுவந்தார், பின்னணியில் காற்று புகவிட்டார், குட்டி சட்டயர்களைச் சேர்த்தார். கையெழுத்தையும் கவனியுங்கள். தாம் ஸ்பானியர், வலென்சியாவின் ஹாத்திவா ஊர்க்காரர், இதை நேப்பிள்ஸில் செய்தது என்று விவரமாகப் பொறித்திருக்கிறார். தாய்நாட்டில் யாராவது பார்த்தால் யாரைத் தேட வேண்டும், எங்கே தேட வேண்டும் என்பது அதிலேயே இருக்கிறது.

அதன்பின் ஏறக்குறைய நிறுத்திவிட்டார். 1648இல் ஆஸ்திரிய தோன் ஹுவானின் குதிரைமேல் உருவத்தை எட்சிங் செய்ததைத் தவிரச் சொல்லத்தக்கது எதுவும் இல்லை. வைஸ்ராய்களிடமிருந்து ஓவிய வேலை தொடர்ந்து வரத் தொடங்கிய பிறகு தகட்டைத் தொடத் தேவையில்லாமல் போயிற்று என்பதே பொருத்தமான விளக்கமாகப் படுகிறது. பரப்புவதற்கு மட்டும் என்று எடுத்த கருவியை, பரவியதும் கீழே வைத்துவிட்டார். ஓவியராக அவருக்கு இதில் நஷ்டமில்லை. பார்ப்பவர்களாகிய நமக்குத்தான் நஷ்டம். இத்தாலியின் மிகச் சிறந்த எட்சிங் கைகளில் ஒன்று இருபது தகடுகளைக்கூடத் தாண்டவில்லை.

சல்வத்தோர் ரோசா இந்த வரிசையில் மிகவும் ஆசைப்பட்டவர், என் கணிப்பில் மிகவும் ஏமாந்தவரும். தம்மைத் தத்துவ ஓவியராகவும் வரலாற்றுக் காட்சிகளைத் தீட்டும் பெரிய ஓவியராகவும் உலகம் ஏற்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். ரோமில் நடக்கும் பொதுக் காட்சிகளில் பெரிய துணி ஓவியங்களை வைத்தார். பிறகு 1660களின் தொடக்கத்தில் அவற்றில் சிலவற்றை எட்சிங்காக்கினார். கருத்தும் தமதே, ஓவியமும் தமதே, தகட்டு வேலையும் தமதே என்பதை அச்சின் அடியிலேயே பொறித்தார். ரூபென்ஸின் பட்டறை முறைக்கு நேர் எதிர். இதில் ஒரு கௌரவம் இருக்கிறது. இடைத்தரகர் யாரும் இல்லாமல் ஓவியர் உலகத்தோடு நேராகப் பேசுகிறார்.

ஆனால் பேச்சு எட்டியதா? ‘தியானத்தில் டெமோக்ரிட்டஸ்’ ஓவியம் இன்று கோபன்ஹேகனில் இருக்கிறது. மூன்று மீட்டருக்கும் மேல் உயரம். எலும்புகளுக்கும் மண்டையோடுகளுக்கும் உடைந்த கற்களுக்கும் நடுவில், அந்தி இருட்டில், கன்னத்தில் கைவைத்துத் தத்துவஞானி உட்கார்ந்திருக்கிறார். அந்த ஓவியத்தின் பலம் முழுவதும் அதன் இருட்டில் இருக்கிறது. எலும்பு முதலில் கண்ணில் படாது, நின்று பார்க்கப் பார்க்க ஒவ்வொன்றாக வெளிவரும். 1662இன் எட்சிங் அரை மீட்டருக்கும் குறைவு. அதில் ஒவ்வொரு எலும்புக்கும் வெளிக்கோடு உண்டு, எல்லாம் ஒரே நேரத்தில் தெரிகின்றன. பட்டியல் கிடைக்கிறது, துயரம் கிடைக்கவில்லை. அதே காலத்து ‘ரெகுலஸின் மரண’த்திலும் இதே சிக்கல்: கூட்டம், பீப்பாய், ஆணி அடிப்பவர்கள் எல்லாருக்கும் ஒரே அழுத்தத்தில் கோடு. ரோசாவின் ஊசி வேகமானது, உயிருள்ளது. ஆழ்ந்த இருட்டைக் கட்டும் பொறுமை அதற்கு இல்லை.

அவர் பெரிதாக எண்ணாத சிறு தகடுகள்தான் ஓடின. 1656–57 வாக்கில் போர்வீரர்களையும் நாடோடிகளையும் ஒற்றை ஆளாகவோ சிறு கூட்டமாகவோ வைத்து அவர் செய்த அறுபதுக்கும் மேற்பட்ட சிறு உருவங்கள் ஐரோப்பா முழுதும் நகலெடுக்கப்பட்டன. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ரோசா என்றால் கொள்ளையரையும் கரடுமுரடான மலையையும் வரைந்தவர் என்றே ஆகிப்போனது. எந்தப் பெயரிலிருந்து விடுபட அவர் வாழ்நாள் முழுதும் போராடினாரோ, அந்தப் பெயரையே அச்சு நிலைநாட்டியது. அச்சு எதைப் பரப்பும் என்பதை ஓவியர் முடிவு செய்வதில்லை, வாங்குகிறவர்கள் முடிவு செய்கிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. லூக்கா நகரத்து பியெத்ரோ டெஸ்டாவுக்கும் இதுவே நேர்ந்தது. ஓவியராக வாழ விரும்பியவர், எட்சிங்காரராகவே நினைக்கப்படுகிறார்.

வண்ணம் பற்றிய குறை எல்லாருக்கும் தெரிந்தது. அதிலும் ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும். பரோக்குக்கு வாசல் திறந்துவிட்டவர்களில் ஒருவரான ஊர்பினோ நகரத்து ஃபெடரிகோ பரோச்சி, வண்ணத்துக்காகவே பேசப்பட்டவர். ரோஜா நிறமும் இளநீலமும் ஒன்றில் ஒன்று கரையும் அவருடைய ஓவியத்தைக் கறுப்புக் கோட்டில் சொல்லவே முடியாது என்று தோன்றும். 1580களில் செய்த ‘மங்கள வார்த்தை’ எட்சிங்கில் அவர் ஒரு வழி கண்டார். தகட்டை ஒரே முறையாக அரிக்காமல், மெல்லியதாக இருக்க வேண்டிய பகுதிகளை முதலில் அரித்து, வார்னிஷ் பூசி மூடிவிட்டு, மற்றவற்றை மேலும் அரித்தார். சாளரத்துக்கு வெளியே தெரியும் ஊர் ஆவி போல மங்கி நிற்கிறது, முன்னால் இருப்பவை அழுத்தமாக நிற்கின்றன. முகத்தில் கோட்டுக்குப் பதில் புள்ளிகள். வண்ணம் வரவில்லை, வண்ணத்தின் மென்மை வந்தது. பரோச்சி செய்த எட்சிங்குகள் நான்கே நான்கு. ஓவியத்தை நகலெடுத்தும் தகட்டின் இயல்பைக் கெடுக்காதவர் என்று நான் முழு மனத்தோடு சொல்லக்கூடியவர் அவர்தான். மற்றவர்களிடம் இருந்த அவசரம் அவரிடம் இல்லை.

திசை மாறுவதும் ஒரு சிக்கல். தகட்டில் வரைந்தது தாளில் இடவலமாக மாறி விழும். ஓவியத்தைப் பார்த்து அப்படியே தகட்டில் வரைந்தால், அச்சில் வீரன் இடக்கையில் வாளேந்துவான், பாதிரியார் இடக்கையால் ஆசி வழங்குவார். கவனமானவர்கள் தகட்டிலேயே திருப்பி வரைந்தார்கள், பலர் கவலைப்படவில்லை. உருவங்கள் நிற்கும் இடம் மாறினால் கண் படத்துக்குள் நுழையும் வழியும் மாறுகிறது. கீழிறங்குவது போலிருந்த அசைவு மேலேறுவது போலாகலாம். தொலைவில் நகலெடுத்தவர்கள் மூலத்தை அறியாததால் இந்த இடவலம் மாறிய அமைப்பையே பின்பற்றினார்கள். ஓர் ஓவியம் மூலத்தைப் பார்த்து வரைந்ததா, அச்சைப் பார்த்து வரைந்ததா என்று கண்டுபிடிக்க இன்று ஆய்வாளர்களுக்கு அதுவே ஒரு தடயம்.

இவற்றையெல்லாம்விட எனக்கு வருத்தம் தருவது தகடுகளின் பின்வாழ்வு. செம்பு மென்மையானது. ஒவ்வொரு முறை துடைக்கும்போதும் அழுத்தும்போதும் பள்ளம் கொஞ்சம் தேய்கிறது. எட்சிங் தகடு சில நூறு நல்ல தாள்கள் தரும். ஊசியால் நேரடியாகக் கீறி, கீறலின் ஓரத்தில் எழும் செம்புத் துருத்தலில் மை பிடிக்க வைக்கும் டிரைபாயிண்ட் அதில் ஒரு சிறு பங்குகூடத் தாங்காது. ரெம்பிராண்டின் வெல்வெட் இருட்டு இந்தத் துருத்தலில்தான் இருந்தது. தேய்ந்த தகட்டை யாரும் தூக்கி எறியவில்லை. அதற்கு விலை உண்டு. 1679இல் ஆம்ஸ்டர்டாம் அச்சு வியாபாரி கிளெமென்ட் தெ யோங்கேயின் சொத்துப் பட்டியலில் ரெம்பிராண்டின் எழுபதுக்கும் மேற்பட்ட தகடுகள் இருந்தன. அவை கைமாறிக் கைமாறிப் பதினெட்டாம் நூற்றாண்டில் பாரிஸில் பசான் என்ற வியாபாரியிடம் போய், திருத்தப்பட்டு, மீண்டும் மீண்டும் அச்சாயின. ‘நூறு கில்டர்’ தகட்டை வாங்கிய வில்லியம் பெய்லி என்ற அயர்லாந்துக்காரர் 1775இல் அதைத் தம் கையால் மறுபடி கீறிச் சுமார் நூறு தாள்கள் எடுத்துவிட்டு, தகட்டை நான்கு துண்டாக வெட்டினார்.

ஓவியர் இறந்த பின்பும் அவர் பெயரில் புதிது புதிதாகத் தாள்கள் வருகின்றன; அவற்றில் அவர் கை எவ்வளவு, பிறர் கை எவ்வளவு என்பது வாங்குகிறவருக்குத் தெரியாது. துணி ஓவியம் அழுக்கடையலாம், கிழியலாம், ஆனால் ஒன்றுதான். அச்சின் வலிமை அதன் எண்ணிக்கை. அந்த எண்ணிக்கையே ஓவியரின் பெயருக்குப் பாதகமாகவும் திரும்பியது.

உருவப்பட ஓவியர் வான் டைக்கின் ஒரு தகட்டில் இது கண்கூடு. தம் காலத்து ஓவியர்கள், அறிஞர்கள், பிரபுக்கள் ஆகியோரின் உருவப்படங்களை அச்சுத் தொடராக வெளியிட அவர் திட்டமிட்டார். பெரும்பாலானவற்றைச் செதுக்குக் கலைஞர்களிடம் கொடுத்தாலும், பதினைந்துக்கும் மேற்பட்ட தலைகளைத் தாமே எட்சிங் செய்தார். அவற்றில் ஒன்று தம் சொந்த முகம். பெரிய வெற்றுத் தாளில், தலை மட்டும். தோளுக்கு மேல் திரும்பி நம்மைப் பார்க்கிறது. கழுத்துக்குக் கீழே கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. அந்த வெறுமையே அந்தப் பார்வைக்கு உயிர். 1641இல் அவர் இறந்தார். 1645இல் நூறு படங்களோடு தொடர் வெளியானபோது, யாக்கோப் நீஃப்ஸ் அந்தத் தலைக்குக் கீழே மார்பையும் பீடத்தையும் செதுக்கி, அதைக் கற்சிலையாக மாற்றி, முகப்புப் பக்கமாக்கினார். வியாபாரத்துக்கு முகப்பு தேவைப்பட்டது. உயிரோடு திரும்பிய முகம் கல்லாயிற்று. தகட்டை மாற்றுவதற்கு முன் எடுத்த முதல் நிலைத் தாள்கள் சில பிழைத்திருக்காவிட்டால் என்ன இழந்தோம் என்றுகூட நமக்குத் தெரிந்திருக்காது.

இவ்வளவு குறைகளையும் சொன்ன பிறகு, இந்த வழக்கமே இல்லாதிருந்தால் என்ன என்றும் கேட்க வேண்டும். கரவாஜ்ஜோ தம் ஓவியம் எதையும் அச்சாக்க முயலவில்லை. அவர் புகழ் ரோமுக்கு வந்துபோன ஓவியர்களின் கண் வழியாகத்தான் பரவியது. போகும் இடத்திலெல்லாம் இருட்டையும் வண்ணத்தையும் அவர்கள் தங்கள் கையில் சுமந்து போனார்கள். கறுப்புக் கோடு செய்ய முடியாததை நடந்துபோன மனிதர்கள் செய்தார்கள். ஆனால் அது ரோமில் இருந்தவருக்கு வாய்த்த வசதி. உலகமே தேடி வராத ஊரில் இருப்பவருக்கு அச்சைத் தவிர வேறு கால் கிடையாது. ஆம்ஸ்டர்டாமை விட்டு நகராமல் ரெம்பிராண்ட் குவெர்ச்சினோவின் பொலோஞ்ஞாவரை போனது தகட்டில்தான்.

ஆகவே என் முடிவு இது. ஓவியத்துக்குப் பதிலாள் என்று எடுத்துக்கொண்டால் எட்சிங் தோற்ற முயற்சி. ரெம்பிராண்டின் 1633 தகடும் ரோசாவின் பெரிய தகடுகளும் அதற்குச் சாட்சி. அமைப்பை மட்டும் தூரம் கொண்டுபோக வேண்டும் என்றால் ரூபென்ஸின் கூலிச் செதுக்கர்கள் அதைவிடச் சிறப்பாகச் செய்தார்கள். ஓவியரின் கையை, அவர் நினைக்கும் வேகத்தை, அவர் தயங்கும் இடத்தை ஆயிரம் மைலுக்கு அப்பால் இருப்பவரிடம் நேராகச் சேர்ப்பதில் எட்சிங்குக்கு இணையாக அந்த நூற்றாண்டில் எதுவும் இல்லை. அதை முதலில் புரிந்துகொண்ட ஓவியர்கள் நகலெடுப்பதை நிறுத்தினார்கள். ரிபேரா சிலேனஸைப் புதிதாக யோசித்தார். ரெம்பிராண்ட் ஓவியமே இல்லாத தகடுகளைச் செய்தார்.

ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகமும் லண்டனின் பிரிட்டிஷ் அருங்காட்சியகமும் இந்த அச்சுகளைத் துல்லியமான படங்களாக இணையத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன. பார்க்கும்போது ஓவியர் பெயரோடு நின்றுவிடாதீர்கள். எந்த நிலைத் தாள், அவர் உயிரோடிருந்தபோது அச்சானதா, பிறகு யாராவது தகட்டைத் தொட்டார்களா என்று கீழேயுள்ள குறிப்பையும் படியுங்கள். முடிந்தால் ஒரே தகட்டின் முதல் நிலையையும் கடைசி நிலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.